உள்ளே இருப்பதாகக் காட்டுகிறது

ஒருவர் ஓர் அறைக்குள் இருக்கிறார் என்பதற்கு எது சான்று? அவர் அங்கே இருப்பதா, அல்லது உள்ளே போனவர் வெளியே வரவில்லை என்று எங்கோ பதிவாகியிருப்பதா? புத்தகம் படிக்கிறவர்கள் இப்படி ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டால் காபி ஆறும்வரை பேசலாம். யாருக்கும் சேதமில்லை. இதையே ஒரு கதவு கேட்டால் சாப்பாட்டுப் பையோடு வெயிலில் நிற்க வேண்டியிருக்கும். நான் சொல்லப்போகும் மனிதர் கதவின் சார்பாக இந்தக் கேள்வியைக் கேட்டு மாதச் சம்பளம் வாங்கியவர்.

பெரிய மருந்துக் கிடங்கு ஒன்றில் கதவுகளுக்குக் கார்டு ரீடர் பொருத்தி, எந்தக் கார்டுக்கு எந்தக் கதவு திறக்கலாம் என்று கணினியில் அமைத்துக் கொடுப்பது அவர் வேலை. எல்லோரும் அவரைக் 'கதவு சார்' என்றார்கள். நெடுநெடுவென்று இருப்பார், அதிகம் பேசமாட்டார், தட்டினால்தான் சத்தம் வரும். ஆகவே பெயர் பொருத்தமாகவே அமைந்தது.

ஒரு புதுக் கதவு வந்தால் அவர் அதற்கு முதலில் கணினியில் ஒரு பெயர் வைப்பார். பூட்டு எத்தனை நொடி விட்டுக்கொடுக்க வேண்டும், எந்தப் பிரிவுக்காரர்கள் எந்த நேரத்தில் நுழையலாம் என்று ஒவ்வொன்றாக அமைப்பார். பிறகு கை நிறையக் கார்டுகளை எடுத்துக்கொண்டு கதவருகே போய் நிற்பார். மற்றவர்கள் சரியான கார்டைக் காட்டிப் பச்சை விளக்கு எரிந்தால் வேலை முடிந்தது என்று கிளம்பிவிடுவார்கள். இவர் தவறான கார்டுகளை ஒவ்வொன்றாகக் காட்டி, சிவப்பு எரிகிறதா என்று பார்ப்பார். "திறக்குறதை யார் வேணாலும் பார்த்துக்குவாங்க. திறக்காம இருக்கான்னு பார்க்கத்தான் ஆள் வேணும்" என்று ஒருமுறை சொன்னார். அவர் சொன்னவற்றில் நினைவில் வைக்கத்தக்கது அநேகமாக இது ஒன்றுதான்.

வீட்டில் நிலைமை வேறு. இளவயதில் மின்வேலை செய்துகொண்டிருந்தவர், ஒரு வீட்டில் வாசல் மணியைப் பழுதுபார்க்கப் போனார். ஒரு மணிக்குத் தேவைப்படாத அளவு தடவை போனார். கடைசியில் அந்த வீட்டுப் பெண்ணைக் கட்டிக்கொண்டார். தனிக்குடித்தனம் போக இடம் பார்ப்பதாகச் சொல்லிக்கொண்டே, பார்க்காமலே, வீட்டோடு மாப்பிள்ளை ஆனார். மாமனார் அதே மருந்துக் கிடங்கில் குளிர் அறைக்குப் பொறுப்பாளர். கதவு போடும் வேலைக்கு மருமகன் அங்கேயே வந்து சேர்ந்த அன்று மாமனார் சொன்னது இது: "மணி அடிக்க வந்தவர் வீட்டுக்குள்ள வந்தார். இப்ப ஆபீஸுக்குள்ளயும் வந்துட்டார். இனி நான் எங்க போறதுன்னு கேட்டுச் சொல்லும்மா."

மகளைப் பார்த்துத்தான் சொன்னார். மருமகனோடு அவர் நேரடியாகப் பேசுவதில்லை. மூவரும் ஒரே மேசையில் உட்கார்ந்திருக்கும்போதும் "உன் வீட்டுக்காரருக்கு இன்னும் கொஞ்சம் போடணுமான்னு கேளு" என்பார். மகள் கணவனைத் திரும்பிப் பார்ப்பாள். கணவன் தலையசைப்பார். அதை மாமனாரும் பார்த்திருப்பார். ஆனாலும் மகள் "போதுமாம்" என்று வாய்விட்டுச் சொல்லும்வரை கரண்டியைக் கீழே வைக்கமாட்டார்.

கிடங்கில் கார்டு கைமாறுகிறது என்று மேனேஜருக்குச் சந்தேகம் வந்ததில்தான் எல்லாம் தொடங்கியது. உள்ளே போனவன் கதவிடுக்கு வழியாகக் கார்டை நீட்ட, அதே கார்டில் இன்னொருவன் நுழைகிறான் என்றார். அதற்கு ஓர் அமைப்பு உண்டு. கதவின் இரு பக்கமும் ரீடர் வைப்பது. உள்ளே வரும்போதும் காட்ட வேண்டும், வெளியே போகும்போதும் காட்ட வேண்டும். ஒருமுறை உள்ளே வந்த கார்டு, வெளியே போனதாகப் பதிவாகாமல் மறுபடி உள்ளே வர முடியாது. கதவு சார் அதைக் கிடங்கின் முதன்மைக் கதவில் அமைத்தார். உள்ளிருந்து தள்ளினால் கதவு யாருக்கும் திறக்கும்; ஆனால் கார்டைக் காட்டாமல் வெளியே போய்விட்டவர் திரும்பி வந்தால் சிவப்பு எரியும். உள்ளே இருப்பவர் எப்படி உள்ளே வருவார் என்பது கதவின் நியாயம். அந்த நேரத்தில் அவர் பதிவை நேராக்க, கணினியில் ஒரு பொத்தான் இருந்தது. மென்பொருள் எழுதியவர்கள் ஏதோ ஒரு மனநிலையில் அதற்கு 'மன்னிப்பு' என்றே பெயர் வைத்திருந்தார்கள்.

"ராத்திரியானா எல்லாரையும் தானா மன்னிச்சிடுற மாதிரி வைக்கலாம் சார்" என்று கதவு சார் சொல்லிப் பார்த்தார்.

"எதுக்குத் தானா மன்னிக்கணும்? தப்புப் பண்ணவன் காவல்காரர் மேசையிலேருந்து போன் பண்ணிக் கேட்கட்டும். காரணம் சொல்லட்டும். மூணாவது தடவை கேட்டா, அவன்கிட்ட இருக்கிற பொறுப்பை எடுத்து வேற ஆள்கிட்ட குடுத்துடலாம்" என்றார் மேனேஜர். அப்படியே நோட்டீஸ் அடித்துக் கையெழுத்துப் போட்டுச் சுவரில் ஒட்டினார். கூடவே 'ஒரு கார்டில் ஒருவர் மட்டும்' என்று பெரிய எழுத்தில் இன்னொரு வரி. மன்னிக்கும் அதிகாரத்தையும் கடவுச்சொல்லையும் கதவு சாரிடம் மட்டும் விட்டார். வேறு யாரிடமும் சொல்லக் கூடாது என்றார்.

அந்தக் கிடங்கில் ஒரு பழக்கம். பெட்டி அடுக்கிய தள்ளுவண்டி வந்தால், முன்னால் போகிறவர் கதவைப் பிடித்துக்கொள்வார். முதுகைக் கதவில் கொடுத்து, இரு கைகளாலும் வண்டியின் முனையை இழுத்துவிட்டு, பின்னாலேயே வெளியேறுவார். கார்டு காட்டக் கை மீதி இருக்காது. அதிகம் பிடித்தவர் மாமனார். வண்டியே இல்லாவிட்டாலும், பின்னால் யாரோ வருகிற சத்தம் கேட்டாலே நின்று பிடிப்பார். புது அமைப்பு மரியாதை தெரிந்தவர்களாகப் பார்த்துப் பிடித்தது.

முதல் தடவை காவல்காரர் போன் செய்தார். "கதவு சார், உங்க மாமனார் வெளிய நிக்கிறார்."

"உள்ளதான் இருக்கிறதாக் காட்டுது."

"சார், நான் கண்ணால பார்த்துட்டு இருக்கேன்."

"போனை அவர்கிட்ட குடுங்க."

சிறிது நேரம் முணுமுணுப்பு. "பேச மாட்டேங்கிறார் சார். காரணம் 'கதவு பிடிச்சேன்'னு போட்டுக்கச் சொல்றார்."

கதவு சார் அப்படியே போட்டு மன்னித்தார். இரண்டாவது தடவை "'அதேதான்'னு போடச் சொல்றார்" என்றார் காவல்காரர். அதற்கும் மன்னிப்பு கிடைத்தது. மறுநாள் மேனேஜர் மாமனாரைக் கூப்பிட்டு, இன்னொரு தடவை என்றால் குளிர் அறை கைமாறும், அவர் பேக்கிங் மேசைக்குப் போக வேண்டியிருக்கும் என்று சொல்லி அனுப்பினார். ஓய்வு பெற ஒரு வருடம் இருந்தது. குளிர் அறை திறக்கப்பட்ட நாளிலிருந்து அதற்குப் பொறுப்பாக இருந்தவர், கடைசி வருடத்தை லேபிள் ஒட்டிக் கழிப்பதா? அன்று மாலை வீட்டுக்கு வந்து ஷூவுக்குப் பாலிஷ் போட்டார். போட்டு முடித்ததும் மறுபடி முதலிலிருந்து போட்டார்.

மகளுக்கு அது போதுமானதாக இருந்தது.

"ஏங்க, அப்பா பேருக்கு எதிர்ல ஒரு டிக் போட்டா அவருக்கு இந்த ரூலே கிடையாதாமே?"

"மேனேஜருக்கும் முதலாளிக்கும் மட்டும்தான் அந்த டிக்."

"அவங்களுக்குப் போட்டது நீங்கதானே? கை சுளுக்கிக்கிச்சா?"

"எல்லாருக்கும் போட்டா அப்புறம் ரூல் எதுக்கு?"

"ரூல் பார்த்திருந்தா நீங்க இந்த வீட்டுக்குள்ளயே வந்திருக்க முடியாது, தெரியுமா?"

பக்கத்து அறையிலிருந்து தொண்டையைச் செருமும் சத்தம் வந்தது. "உன் வீட்டுக்காரர்கிட்ட சொல்லும்மா. எனக்கு எவனும் டிக் போட வேண்டாம்."

'எவனும்' என்பதில் தானும் சேர்த்தியா என்று கதவு சார் கேட்கவில்லை.

மூன்றாவது தடவைக்கு அதிக நாள் பிடிக்கவில்லை. மதியச் சாப்பாட்டுக்குக் கிளம்பிய மாமனாருக்குப் பின்னால், பேக்கிங் பிரிவு அக்கா தன் தலையே தெரியாத உயரத்துக்குப் பெட்டி அடுக்கிய வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். மாமனார் கதவைப் பிடித்தார். வண்டி போனது, அக்கா தன் கார்டைக் காட்டிவிட்டுப் போனார், மாமனாரும் போனார். சாப்பிட்டுத் திரும்பி வந்து கார்டைக் காட்டினார். சிவப்பு.

அவர் காவல்காரரிடம் போகவில்லை. சுவரோரம் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"அண்ணே, போன் போடவா?" என்றார் காவல்காரர்.

"எதுக்கு?"

"மன்னிப்புக்கு."

"நான் என்னய்யா தப்புப் பண்ணேன்?"

அந்த நேரம் பார்த்துக் குளிர் அறைக்கான மருந்துகளோடு லாரி வந்து நின்றது. குளிர் அறை பொறுப்பாளரின் கார்டுக்கு மட்டுமே திறக்கும். பொறுப்பு ஒருத்தர்கிட்ட இருந்தால்தான் பொறுப்பு என்று மேனேஜர்தான் அப்படி அமைக்கச் சொல்லியிருந்தார்.

மேனேஜர் தன் அறையிலிருந்து கதவு சாரைக் கூப்பிட்டார். "உங்க மாமனாரை மன்னிச்சு உள்ள விடுங்க. லாரி இறங்கட்டும். இது மூணாவது. சாயங்காலம் பொறுப்பை மாத்திடலாம். உங்களுக்குச் சங்கடமா இருக்கும், எனக்கும் புரியுது. ஆனா என்ன பண்றது?"

"சரி சார்" என்றார் கதவு சார். போனை வைத்தார். திரையில் மாமனாரின் பெயர் இருந்தது. உள்ளே இருப்பதாகக் காட்டியது. பக்கத்தில் அந்தப் பொத்தான். அழுத்தினால் மாமனார் உள்ளே வருவார், குளிர் அறை போகும். அழுத்தாவிட்டால் அறை அவருடையது, அவர் அறைக்கு வெளியே.

அவர் எழுந்து முதன்மைக் கதவுக்கு நடந்தார். கார்டு கழுத்தில் தொங்கியது. பேக்கிங் அக்கா இன்னொரு சுமையோடு வந்துகொண்டிருந்தார். கதவு சார் கதவைத் திறந்து பிடித்தார், வண்டியை இழுத்துவிட்டார், பின்னாலேயே வெளியே வந்தார். கதவு மூடிக்கொண்டது.

காவல்காரர் எழுந்து நின்றார். "சார், கார்டு?"

"ம்."

"காட்டலையே சார்!"

"காட்டல."

இன்னொரு நாற்காலியை எடுத்து மாமனாருக்குச் சற்றுத் தள்ளிப் போட்டு உட்கார்ந்தார். மாமனார் தெருவைப் பார்த்தபடி இருந்தார். பிறகு யாரிடமும் இல்லாமல், ஆனால் மகள் அங்கே இல்லாததால் வேறு வழியும் இல்லாமல், "மன்னிக்கிறவரே வெளிய வந்தாச்சா?" என்றார்.

"நான் உள்ளதான் இருக்கேன் மாமா."

மாமனார் கொஞ்சம் யோசித்தார். "நானும்தான்."

லாரிக்காரர் ஹாரன் அடித்தார். காவல்காரர் மேனேஜருக்குப் போன் செய்து, "சார், கதவு சாரும் வெளிய உட்கார்ந்திருக்கார்" என்று தொடங்கி, புரியவைக்க முடியாமல் நாலு தடவை சொன்னார். கடைசியில் மேனேஜரே கதவைத் திறந்துகொண்டு வந்தார்.

"என்னய்யா இது? உள்ள போய் அதை அழுத்துங்க!"

"என் கார்டும் எடுக்காது சார். என்னை யாராவது மன்னிக்கணும்."

"யார் மன்னிக்கணும்?"

"நான்தான்."

"கடவுச்சொல் வேற யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் சொல்லக் கூடாதுன்னீங்க சார்."

மேனேஜர் தன் கார்டைக் காட்டிக் கதவைத் திறந்து பிடித்தார். "ரெண்டு பேரும் என் பின்னாலயே வாங்க."

காவல்காரர் மிகுந்த பணிவோடு சுவரைக் காட்டினார். "சார், ஒரு கார்டுல ஒருத்தர்தான்னு... உங்க கையெழுத்து சார்."

"தெரியும்யா! நான்தான் போட்டேன்!"

மாமனார் எழவில்லை. "உள்ள போனா எனக்கு மூணு. லேபிள் ஒட்ட இங்கேயே உட்கார்ந்து ஒட்டிக்கிறேன். காத்தாவது வருது."

ஹாரன் மறுபடி அடித்தது. குளிர்பதன வண்டியின் என்ஜினை அணைத்தால் மருந்து கெடும், அணைக்காவிட்டால் டீசல் தீரும் என்று லாரிக்காரர் இறங்கி வந்து எல்லோருக்கும் பொதுவாக விளக்கினார். தான் பிடித்த முயலுக்கு மூன்று கால் என்று அதுவரை நின்ற மேனேஜர், முயலையே கீழே விட்டார்.

"சரி. மூணுமில்லை, நாலுமில்லை. யாரையும் எண்ண வேண்டாம். தப்பா வந்தா ஒரு சத்தம் மட்டும் போட்டுட்டு உள்ள விடட்டும். அப்படி வைக்க முடியுமா?"

"முடியும் சார்."

"இதை முதல்லயே சொல்றதுக்கு என்ன?"

"முதல்லயே கேட்டிருந்தா சொல்லியிருப்பேன் சார்."

மேனேஜர் நோட்டீஸைக் கிழித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். மூன்று பேரும் ஒரே கார்டில் உள்ளே போனார்கள். லாரி இறங்கியது. மாமனார் ஓய்வு பெறும்வரை குளிர் அறை அவரிடமே இருந்தது. வீட்டில் அதன் பிறகும் "உன் வீட்டுக்காரருக்கு"தான். அதில் மாற்றம் எதுவும் இல்லை.

கதவு சார் செய்ததைத் துணிச்சல் என்று சொல்ல எனக்குத் தயக்கம் உண்டு. மேனேஜர் அதை மறதி என்று எழுதி மேலே அனுப்பினார். காவல்காரர் அதைத் திட்டம் என்று கண்டவரிடமெல்லாம் சொன்னார். ஒரு கதவுக்கு முன் தவறான கார்டுகளை மணிக்கணக்காகக் காட்டிப் பார்க்கிற மனிதர் சரியான கார்டைக் காட்ட மறப்பாரா என்று தெரியவில்லை. திட்டம் போட்டிருந்தால், மேனேஜர் வேறு ஆளைக் கூட்டிவந்து பூட்டையே கழற்றியிருந்தால் என்ன செய்திருப்பார் என்பதும் தெரியவில்லை. வேலை போயிருக்கும், அவ்வளவுதான்.

அன்று மாலை மனைவி கேட்டாள். "கார்டு கழுத்துலதானே இருந்துச்சு?"

"இருந்துச்சு."

"ரீடர் கைக்கு எட்டுற தூரத்துலதானே?"

"எட்டும்."

"அப்புறம் ஏன் காட்டல?"

அவர் குழாயடிக்குப் போய்க் கை கால் கழுவினார். துண்டை எடுத்து முகம் துடைத்தார். அவள் கதவருகே நின்றுகொண்டிருந்தாள். "சாப்பிடலாமா?" என்றார்.