மூன்று முறை கழற்றிய சக்கரம்

நான் ஆரியங்கோட்டுக்காரன். ஒரு சனிக்கிழமை என் சைக்கிளின் பின்சக்கரத்தை நானே கழற்றி, கிரீஸ் போட்டு மாட்டினேன். மறுநாள் குருத்தோலை ஞாயிறு. ஆலயத்திலிருந்து திரும்பும்போது சக்கரத்தில் ‘டிக் டிக்’ என்று சத்தம்.

வீட்டில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திச் சுற்றினால் சத்தமே இல்லை. ஏறி மிதித்தால் மறுபடியும் டிக் டிக். பேரிங் உருண்டைகளை ஒழுங்காக வைக்கவில்லை என்று முடிவுகட்டி, அந்த வாரத்தில் மூன்று முறை சக்கரத்தைக் கழற்றி மாட்டினேன். ஞாயிறன்று ஆலயத்தில் தந்த ஓலையை என் மனைவி அங்கேயே கேரியரில் கட்டியிருந்தாள். அதில் கிரீஸ் படக்கூடாதென்று ஒவ்வொரு முறையும் பக்தியோடு மேலே மடக்கிவைத்து, வேலை முடிந்ததும் பழையபடி தொங்கவிட்டேன்.

பெரிய வெள்ளியன்று ஆலயத்துக்குப் போகும்போது, பின்னால் சைக்கிளில் வந்த பக்கத்து வீட்டு ஸ்டீபன் கூப்பிட்டான்.

“எலே மக்கா, நில்லு. ஓலை நுனி வீலு கம்பியில அடிக்குது. அதாக்கும் சத்தம்.”

இறங்கி நின்றேன். அவன் குனிந்து பார்த்தான்.

“பின்ன, வீலு எதுக்கு ஆடுது?”

கடைசியாக மாட்டியபோது நட்டை நான் முறுக்கவே இல்லை. பத்தடி முன்னால் பாலத்துக்கு இறங்கும் செங்குத்தான இறக்கம்.

வீட்டுக்கு வந்து, நடந்ததைச் சொல்லி ஓலையை மனைவியிடம் நீட்டினேன்.

“பாத்தியளா, இது சத்தம் போட்டதுனாலதான் ஸ்டீபன் ஒங்கள நிறுத்துனாரு” என்று சொல்லி, அதைத் திரும்பவும் கேரியரிலேயே கட்டிவிட்டாள்.

டிக் டிக் இன்றும் கேட்கிறது. நான் நட்டை மட்டும் முறுக்கிப் பார்த்துவிட்டு ஏறிக்கொள்கிறேன்.