ஐந்து பொருளும் ஓர் ஓட்டையும்

எண்பதுகளின் நடுப்பகுதியில், மலேசியத் தலைநகரின் பிரிக்பீல்ட்ஸில் ரயில் தண்டவாளத்தை ஒட்டிய ஒரு சந்தில் இருந்த சின்னத் தமிழ் அச்சகத்தில் பிழை திருத்துபவனாக இருந்தேன். கல்யாணப் பத்திரிகை, கோயில் நோட்டீஸ், கருமாதிக் கடிதம் எல்லாம் என் கண்ணைத் தாண்டித்தான் வெளியே போகும். அது போதாதென்று ஒரு வார இதழில் அரைப் பக்கமும் எழுதிக்கொண்டிருந்தேன். வாரம் ஒரு சொல்லை எடுத்து, எந்தத் துறையில் அதற்கு என்ன பொருள் என்று அளந்துவிடுவது. என்னைவிடப் படித்தவர்கள் அந்தப் பக்கத்தைத் திரும்பிப் பார்க்காததால் எனக்கு அறிஞன் என்று பெயர்.

அந்த வாரம் வாய்த்த சொல் ‘டிம்பனம்’. லத்தீனில் முரசு. மருத்துவரிடம் போனால் செவிப்பறை. கட்டடக் கலைஞருக்கு, மாதா கோயில் வாசலுக்கு மேலே சிற்பம் செதுக்கும் அரைவட்டச் சுவர். பூச்சிகளை ஆராய்கிறவருக்கு, வெட்டுக்கிளியின் வயிற்றோரம் இருக்கும் சவ்வு. அந்தப் பிராணி வயிற்றால்தான் கேட்கிறதாம். எங்கள் அச்சகத்திலேயே ஒன்று இருந்தது. மிதி இயந்திரத்தில் காகிதம் வந்து படிகிற இரும்புப் பலகையின்மேல் விறைப்பாக இழுத்துக் கட்டியிருப்போமே, அந்தத் தாளுக்கும் ஏறக்குறைய இதே பெயர்தான்.

ஐந்து பொருளையும் பிடித்துவிட்ட பூரிப்பில், தப்பான ஈய எழுத்தைக் கிளறி எடுக்கும் ஊசியால் இடது காதைக் குடைந்தேன். அச்சகத்துக்காரர்கள் எல்லாருக்கும் உள்ள கெட்ட பழக்கம் அது. அந்த ஊசியைக் காதுக்கென்றே செய்துவிட்டுப் பிறகுதான் எழுத்துக்குப் பயன்படுத்தினார்கள் என்று நம்புகிறவர்கள் நாங்கள். அந்த நேரம் பார்த்துக் காகிதக் கட்டைத் தூக்கிக்கொண்டு போனவர் என் முழங்கையில் இடித்துவிட்டார். உள்ளே ‘டப்’பென்று ஒரு சத்தம். அந்தக் காதில் அதற்குப் பிறகு வேறெதுவும் சரியாகக் கேட்கவில்லை.

செவிப்பறையைப் பற்றி எழுதுகிறவன் தன் செவிப்பறையிலேயே ஓட்டை போட்டுக்கொண்டான் என்று எப்படி வெளியே சொல்வது? மூடி மறைத்தேன். காதுவலிக்குப் பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெய் நல்லது என்று எப்போதோ வாசகர்களுக்கு நானே அருளியிருந்தேன். அதையே எனக்கும் ஊற்றிப் பஞ்சு வைத்தேன்.

ஆனால் எங்கள் வேலைக்குக் காதுதான் சோறு. ஓர் அக்கா கைப்பிரதியை உரக்கப் படிப்பார். நான் அச்சுத்தாளில் சரிபார்த்துக்கொண்டே வருவேன். அவர் உட்காருவது என் இடது பக்கம். வலது பக்கம் தடதடக்கும் இயந்திரம்.

மூன்றாம் நாள் அவர் பொறுமை போய்விட்டது. “தம்பி, நான் கல்யாணப் பத்திரிகை படிக்கிறேன். நீ கருமாதிக் கடிதத்தைக் கையில வச்சுக்கிட்டு மண்டைய ஆட்டுற. மாப்பிள்ளை வீட்டுல அடிக்க வருவாங்க லா!”

இப்படியே போனால் வேறு ஆள் பார்க்க வேண்டியதுதான் என்று முதலாளியும் முனகினார். அதை மட்டும் எப்படியோ வலது காது கேட்டுத் தொலைத்தது.

அன்று மத்தியானம், தன் உருமி மேளக் குழுவுக்கு அச்சடித்த கார்டை வாங்க ஒருவர் வந்தார். முப்பது வயதிருக்கும். ஷா ஆலமில் ஒரு தொழிற்சாலைக்கு லோரி ஓட்டுபவர். ஓய்வு நேரத்தில் உருமி. கார்டைப் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அண்ணே, ரெண்டு தடவை இந்தப் பக்கம் நின்னு கூப்பிட்டேன். காதுல என்ன பஞ்சு?”

சமாளித்தேன். அவர் விடவில்லை. என் வலது காதை உள்ளங்கையால் அழுத்தி மூடிக்கொண்டு, இடது காதருகே விரல்களைச் சொடுக்கினார். விரல் அசைந்தது தெரிந்தது. சத்தம் வரவில்லை. பஞ்சை எடுத்து முகர்ந்து பார்த்தார்.

“எண்ணெயா? யாருண்ணே சொன்னது?”

“நான்தான்.”

“நல்ல டாக்டர் லா நீங்க! தோல் கிழிஞ்சிருக்கும்போது நனைப்பாங்களா? எங்க செட்டுல ஒருத்தன் காதுகிட்ட பட்டாசு வெடிச்சுது. இப்படித்தான் எண்ணெய் ஊத்தினான். சீழ் புடிச்சு, இன்னிக்கு வரைக்கும் ஒத்தைக் காதுலதான் தாளம் கேக்குறான். என் உருமி கிழிஞ்சா கடையில வேற தோல் வாங்கிக் கட்டிருவேன். உங்களுக்கு எந்தக் கடையில வாங்குறது? எந்திரிங்க.”

வெளியே அவருடைய லோரி நின்றது. காப்பார் என்ற ஊருக்குப் போகவேண்டிய சரக்கு. லோரி எதிர்த்திசையில் பெரிய ஆஸ்பத்திரிக்குத் திரும்பியது.

“நேரமாச்சுன்னு உங்க பாஸ் கத்துவாரே?” என்றேன்.

“கத்தட்டும். எனக்குத்தான் ரெண்டு காதும் நல்லா இருக்கே.”

ஆஸ்பத்திரியில் ஒரு சீன டாக்டர் அம்மாள் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். சின்ன ஓட்டைதான், ஒரு சொட்டுத் தண்ணீர்கூடப் படாமல் வைத்திருந்தால் தானே மூடிவிடும் என்றார். எண்ணெயைத் தொடர்ந்திருந்தால் காதே கெட்டிருக்கலாமாம். நிறுத்தச் சொன்னது யார் என்று கேட்டார். வாசலில் நின்ற லோரிக்காரரைக் காட்டினேன். டாக்டர் எழுந்துபோய் அவருக்குக் கை கொடுத்தார். மனிதர் கையைச் சட்டையில் துடைத்துவிட்டு, வெட்கத்தோடு நீட்டினார்.

ஓட்டை மூட ஏழெட்டு வாரம் ஆனது. அதுவரை அக்கா எனக்கு வலது பக்கம் வந்து உட்கார்ந்து, இயந்திரத்தோடு போட்டி போட்டுக் கத்தினார். கட்டுரையில் முரசுக்கு நான் ஒதுக்கியிருந்தது அரை வரி. அதை அடித்துவிட்டு, தோலைப் பற்றி ஒரு முழுப் பத்தி எழுதிக் கொடுத்தேன். வெட்டுக்கிளிக்கு இடம் போதவில்லை.

சில மாதம் கழித்துக் கிள்ளானில் ஒரு கோயில் திருவிழா. அவருடைய குழு வாசித்துக்கொண்டிருந்தது. வளைந்த குச்சி தோலில் உரச, அந்த உறுமல் நெஞ்சுக்கூட்டுக்குள் இறங்கியது. சொக்கிப்போய் முன்வரிசைக்கே போய்விட்டேன். அத்தனை கூட்டத்திலும் அவர் என்னைப் பார்த்துவிட்டார். தாளம் தவறாமல், ஒரு நொடி குச்சியைத் தன் இடது காதுப் பக்கம் உயர்த்திக் காட்டி, ‘பின்னால போங்க’ என்று தலையை அசைத்தார். பத்தடி பின்னால் போய் நின்று, இரண்டு காதாலும் கேட்டேன்.

இப்போதும் கூரைத் தகரத்தில் மழை இறங்கும் சத்தம் இடது காதில் விழும்போதெல்லாம், இந்தக் காது நான் படித்த படிப்பால் மிஞ்சியதல்ல, காப்பாருக்குப் போகவேண்டிய ஒரு லோரி எனக்காகத் திரும்பியதால் மிஞ்சியது என்று நினைத்துக்கொள்கிறேன்.