சந்திரமதியும் கோப்பிக்குப் பூசிய திருநீறும்

கூலாய் ஊரில் நாய் பழக்குகிறவன் யார் என்று கேட்டால், சீனர் கடையில்கூட என் வீட்டைத்தான் கை காட்டுவார்கள். தோட்டப் பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவன் இந்தத் தங்கராஜு. காவல் வேலைக்கு மட்டும் இருநூறு நாய்களுக்கு மேல் பழக்கிக் கொடுத்திருக்கிறேன். அப்படிப்பட்ட என்னையே மூன்று வாரம் திணற வைத்தவர் சந்திரமதி.

அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. சேனாய் பக்கம் ஒரு தொழிற்சாலையில் மதிய ஷிப்ட். கணவர் விபத்தில் போனபின் தனியாள். செம்பனைத் தோட்டத்து ஓரம் மழையில் நடுங்கிக் கிடந்த கறுப்புக் குட்டியைத் தூக்கி வந்து, கடுங்காப்பி நிறம் என்று கோப்பி எனப் பெயர் வைத்தார். தான் சாப்பிடுமுன் அவனுக்கு மீன்முள் எடுத்து ஊட்டுகிற மனசு.

ஒரு மணி பஸ்ஸுக்கு அவர் கிளம்பும்போதே கோப்பி ஊளையிடத் தொடங்குவான். பொழுது சாயும்வரை ஓயமாட்டான். அவருக்கு வீட்டை வாடகைக்கு விட்ட வீட்டுக்காரர் சிற்றம்பலம் பக்கத்து வீட்டில்தான் இருக்கிறார். அரசாங்க உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் மனைவி ஞானேஸ்வரிக்கு அப்போதுதான் ஆபரேஷன் ஆகியிருந்தது. மதியத் தூக்கம் கட்டாயம்.

"நீங்க எத்தனை வருஷம் வேணும்னாலும் இருங்க. நாய் மாசக் கடைசிக்குள்ள போயிரணும்" என்று சிற்றம்பலம் சொல்லிவிட்டார். அவர் மேல் தப்பில்லை.

சந்திரமதி என்னிடம் ஓடிவந்தார். மூன்று ஞாயிற்றுக்கிழமை போனேன். உட்கார் என்றால் உட்கார்ந்தான், இரு என்றால் அசையவில்லை. "பாத்தீங்களா என் கையை!" என்று மார்தட்டிவிட்டு வந்தேன். திங்கட்கிழமை மறுபடி ஊளை.

அப்புறம்தான் உறைத்தது. ஞாயிறு அவருக்கு விடுமுறை. அவர் வீட்டைவிட்டுப் போவதை நான் பார்த்ததே இல்லை! மறுநாள் மதியம் போய் மூலையில் உட்கார்ந்தேன்.

சந்திரமதி சீருடை மாட்டினார். சாமி மேடையிலிருந்து திருநீற்றுத் தட்டை எடுத்தார். அவ்வளவுதான், கோப்பிக்குக் கால் நடுங்கியது. தனக்குப் பூசிக்கொண்டு, அவன் நெற்றியிலும் பூசி, முகத்தைப் பிடித்துக்கொண்டு, "அம்மா வந்துருவேண்டா தங்கம், அழாதடா" என்றார். அவருக்கே கண் கலங்கிவிட்டது. கோப்பி வாயைத் திறந்தான்.

"தங்கச்சி, இனிமே திருநீறு பூசாதீங்க. அதைப் பாத்தாலே நீங்க போகப்போறீங்கன்னு அவனுக்குத் தெரிஞ்சிருது" என்றேன்.

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "அண்ணே, அவரு அன்னைக்கு ஒருநாள்தான் பூசாம போனாரு. திரும்பி வரல."

அந்தப் பழக்கத்தை விடச் சொல்ல நான் யார்? "அப்ப குறைக்க வேணாம். கூட்டிப் பூசுங்க. வீட்ல இருக்கையிலயும் பூசினா, நீங்க போறீங்கன்னு அவன் நினைக்கமாட்டான்" என்றேன்.

ஒரு வாரம் லீவு போட வைத்தேன். காலையில் பூசிவிட்டுத் துணி துவைத்தார். பத்து மணிக்குப் பூசிவிட்டு பிஸ்கட் கொடுத்தார். சீருடை மாட்டிக்கொண்டு டிவியில் நாடகம் பார்த்தார். பையைத் தூக்கி கேட் வரை போய்த் திரும்பினார். அப்புறம் முச்சந்திவரை, அப்புறம் கடைவரை. வாசலில் கொஞ்சல் கூடாது என்றேன். கோப்பி நாலு நாளில் தேறிவிட்டான். அவருக்குத்தான் கை தானாக அவன் தலைக்குப் போகும். "அலமாக், ஐயோ, கைய எடுங்க!" என்று நான் கத்துவேன்.

மாசக் கடைசிக்கு இரண்டு நாள் இருக்கும்போது அவர் வேலைக்குக் கிளம்பினார். நானும் சிற்றம்பலமும் வேலியோரம் நின்றோம். பஸ் போனது. கோப்பி இரண்டு முறை முனகினான். ஒரு சுற்றுச் சுற்றிப் படுத்தான். மூன்று மணிவரை பார்த்தோம்.

"ஞானேஸ்வரி இன்னும் எழும்பல" என்று மெதுவாகச் சொன்னார் சிற்றம்பலம். "நாய் இருக்கட்டும்."

உடனே சந்திரமதிக்குப் போன் போட்டேன். "ஜெயிச்சிட்டோம் தங்கச்சி! கோப்பி அழல. வீட்டுக்காரர் இருக்கட்டும்னுட்டாரு."

சாமிக்கு நன்றி சொன்னார், எனக்கும் சொன்னார். அப்புறம் கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, "கொஞ்சங்கூடவா அழல அண்ணே?" என்று கேட்டார்.

"ரெண்டு தடவ முனகுனான்லா" என்றேன்.

"ஆங்" என்றார் திருப்தியாக. அதற்கப்புறம்தான் போனை வைத்தார்.