சுண்ணாம்பில் வரைந்த பெல்ட்

எனக்குப் படிப்பு ஏறவில்லை. பனையில் நானும் ஏறவில்லை, பாதியிலேயே இறங்கிவிடுவேன். ஆனால் ஏழு வயதில் போலீசில் எத்தனை வகை என்று கேட்டால் தூக்கத்திலும் சொல்வேன். மண்டைக்காட்டுக் கோயில் கொடையில் கூட்டத்தை விரட்டும் சாதா போலீஸ், அவருக்கு மேல் ஏட்டு, அதற்கும் மேல் குதிரையில் வரும் இன்ஸ்பெக்டர், அப்புறம் கள்ளு சாராயம் பிடிக்கும் கலால் சிப்பாய். எல்லாம் அண்ணன் சொல்லிக் கொடுத்தது.

அண்ணன் சாதா போலீசுக்குத்தான் போய் நின்றான். நெஞ்சளவு அரை இஞ்சு குறைந்ததால் கலாலில்தான் இடம் கிடைத்தது. எனக்கு இரண்டும் ஒன்றுதான். இரண்டுக்கும் பெல்ட் உண்டு.

அப்பா பனையேறி. கலயத்துக்குள் சுண்ணாம்பு தேய்த்துப் பனையில் கட்டினால் கிடைப்பது அக்கானி, அதாவது பதநீர். தேய்க்காவிட்டால் அதுவே புளித்துக் கள்ளாகிவிடும். லைசென்ஸ் இல்லாமல் கள் இறக்கினால் ஜெயில். சுண்ணாம்பு தேய்ப்பது என் வேலை. ஒரு சாயங்காலம் அந்தச் சுண்ணாம்பால் வயிற்றைச் சுற்றிப் பெல்ட் வரைந்துகொண்டேன். வயிறு பெரிசு. நெஞ்சில் பொத்தான்களும் வைத்ததில் கடைசிக் கலயத்துக்கு மிஞ்சவில்லை. அதை அப்படியே மற்றவற்றோடு சேர்த்து வைத்துவிட்டேன்.

மறுநாள் காலை அப்பா கலயங்களை இறக்கி வைத்ததும் கலால் இன்ஸ்பெக்டர் வந்து நின்றார். யார் வீடு என்று தெரிந்தேதான் அண்ணனைக் கூட்டி வந்திருக்கிறார்.

"ஒனக்க தகப்பன்தானே? மோந்து பாத்துச் சொல்லுடே."

ஒவ்வொன்றாக முகர்ந்துவந்த அண்ணன் கடைசிக் கலயத்திலிருந்து முகத்தை எடுக்கவேயில்லை. அப்பா அவனைப் பார்த்தார். பிறகு என் வயிற்றைப் பார்த்தார். தலைத்துண்டை அவிழ்த்து என்னைப் போர்த்தினார்.

"கள்ளுதான் எசமானே. நாந்தான் சுண்ணாம்பு தேய்க்கல்ல" என்றார். அண்ணனிடம் மெதுவாக, "எழுது மக்கா. ஒனக்க வேல போயிரப்பிடாது."

அண்ணன் எழுதினான். அப்பாவின் கையைக் கட்டிய கயிற்றின் மறுமுனையை அவனிடமே கொடுத்தார்கள். நான் துண்டை உதறிவிட்டு, வயிற்றைத் தள்ளி, அண்ணனுக்கு ஒரு சல்யூட் அடித்தேன். அவன் திருப்பி அடிக்கவில்லை. அதன்பின் அவன் வீட்டுக்கு வரவேயில்லை. அப்பா வந்தார், பனையேற முடியாத உடம்போடு.

அன்றைக்கு எனக்கு அண்ணன்மேல்தான் கோபம். சல்யூட்கூட அடிக்கத் தெரியாதவனை எப்படி எடுத்தார்கள் என்று அம்மாவிடம் கேட்டேன். அம்மா தேங்காய்ச் சவுரி நாரால் என் வயிற்றைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். தோல் எரிந்தது. அதற்கு மட்டும் அழுதேன்.