டிரம்மில் நான் சுற்றிய கயிறு

பிள்ளைகளே, ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி சுருட்டும் ஒரு கம்பெனியில் நான் மெஷின் ஓட்டுகிறேன். பத்தாவதுக்கு மேல் படிக்கவில்லை. ஆனால் சுருளைப் பற்றி எனக்கு நன்றாகத் தெரியும். சில சுருள்கள் வெளியே பார்த்தால் இறுக்கமாக இருக்கும். கட்டை விரலால் அழுத்தினால் உள்ளே தொளதொளவென்று இருக்கும். அவற்றைக் கண்டுபிடித்துத் தள்ளி வைப்பதுதான் என் வேலை. இத்தனை வருடம் இதையே செய்ததில், வீட்டுக்கு வந்த பிறகும் அந்தப் புத்தி போவதில்லை. தக்காளியை அழுத்திப் பார்ப்பேன். புதுச் செருப்பை வளைத்துப் பார்ப்பேன். யாராவது காரணமில்லாமல் சிரித்துப் பேசினால், இவருக்கு என்ன வேண்டும் என்று யோசிப்பேன்.

இந்தப் புத்தியோடுதான் மச்சானின் படகைப் பார்க்கப் போனேன்.

மச்சான் என் மனைவியின் அண்ணன். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்று ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறார். பட்டாளத்தில் இருந்தபோது பாய்மரப் படகு ஓட்டப் பழகியவர். போன மழைக்குக் கண்மாய் நிரம்பியதும், எங்கிருந்தோ ஒரு பழைய சின்னப் படகை லாரியில் கொண்டு வந்து, எழுதிக் கொடுத்து அனுமதியும் வாங்கி, தண்ணீரில் இறக்கிவிட்டார். கல்லூரியில் படிக்கும் என் மகளுக்கு அன்றிலிருந்து வேறு பேச்சே இல்லை. ஞாயிற்றுக்கிழமை தோறும் மாமாவிடம் படகு ஓட்டப் படிக்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள்.

எனக்கு மனம் ஒப்பவில்லை. நல்ல படகை ஒருவர் ஏன் விற்க வேண்டும்? பழைய படகுக்குப் புது நீலப் பெயின்ட் எதற்கு? பெயின்ட் அடித்தால் அதற்கு அடியில் ஏதோ இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

தை மாதத்து ஞாயிறு ஒன்றில் டவுன் பஸ்ஸில் போகும்போது மகளிடம் ஒரு பேச்சு வைத்தேன்.

"மொதல்ல நானும் ஒரு தடவ கூட ஏறிப் பாக்கேன். படகுல ஒரே ஒரு கோளாறு வந்தாலும், அதோட விட்டுரணும். அழக் கூடாது."

"சரிப்பா. கோளாறு வரலைன்னா?"

"வரலைன்னா வாரா வாரம் போ."

"பேச்சு மாற மாட்டீயளே?"

"நான் எப்பம்மா மாறுனேன்?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கண்மாய்க் கரையில் படகின் மூக்கு மண்ணில் முட்டி நின்றது. இறங்கியதும் பெயின்ட்டை நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். மச்சான் அதைப் பார்த்துவிட்டார்.

"என்ன மாப்ளே, பொண்ணு பாக்க வந்த எடத்துல செவத்தச் சொரண்டுதீரு?"

"சும்மா பாத்தேன் மச்சான்."

"பாரும், பாரும். இன்னைக்குப் பெரிய பாய் வேண்டாம். முன்பாய் மட்டும் ஏத்துவோம்."

முன்பாய் எப்படி ஏறுகிறது என்று உங்களுக்குச் சொல்கிறேன். படகின் மூக்கிலிருந்து பாய்மரத்தின் உச்சிவரை ஒரு மெல்லிய குழாய் சாய்வாகப் போகிறது. அதன் நீளத்துக்கும் ஒரு பள்ளம். பாயின் ஒரு ஓரத்தைத் தடிமனாகத் தைத்திருப்பார்கள். அந்த ஓரத்தைப் பள்ளத்தில் நுழைத்துவிட்டு, ஏற்றும் கயிற்றை இழுத்தால் பாய் சரசரவென்று மேலே போகும். குழாயின் அடியில் நூல்கட்டை மாதிரி ஒரு டிரம். அதில் இன்னொரு கயிறு. அந்தக் கயிற்றைப் படகின் பின்னாலிருந்து இழுத்தால் டிரம் சுழலும், குழாய் சுழலும், பாய் குழாயைச் சுற்றிக்கொள்ளும். வீட்டில் படுக்கும் பாயைச் சுருட்டி மூலையில் நிறுத்துவோமே, பார்க்க அதே மாதிரிதான். விரிக்க வேண்டுமென்றால் பாயின் நுனியில் கட்டிய கயிற்றை இழுக்க வேண்டும்.

மச்சான் பாயை ஏற்றினார். பிறகு டிரம் கயிற்றை இழுத்துச் சுருட்டினார். "செத்த நேரம் இரும். மிதவைச் சட்ட எடுத்துட்டு வாரேன்" என்று மகளையும் பின்னால் ஏற்றிக்கொண்டு வண்டியில் வீட்டுக்குப் போனார்.

நான் மட்டும் நின்றேன். கொஞ்ச தூரத்தில் மீன் குத்தகைக் காவல்காரர் ஒருவர் குடையை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் என்னையே பார்த்தார். எனக்கு அவர் மேலும் சந்தேகம்.

டிரம்மைக் குனிந்து பார்த்தேன். அதில் மூன்றே மூன்று சுற்றுக் கயிறுதான் இருந்தது. மற்றதெல்லாம் படகின் பின்னால், கால் வைக்கும் இடத்தில், குவியலாகக் கிடந்தது. எங்கள் கம்பெனியில் நூல்கட்டை இப்படிக் காலியாக இருந்தால் மெஷினையே நிறுத்திவிடுவோம். காலடியில் நூல் கிடந்தால் சூப்பர்வைசர் அந்த இடத்திலேயே கத்துவார். நம்பி அழைத்து வந்த பிள்ளையின் கால் அதில் மாட்டினால் என்ன ஆவது? பட்டாளத்துக்காரருக்கு இதுகூடத் தெரியவில்லையே என்று நினைத்தேன்.

முழங்கால் தண்ணீரில் இறங்கினேன். கயிற்றின் முனையை அவிழ்த்து, ஓரத்து வளையங்களிலிருந்து உருவி, டிரம்மில் இருந்த சுற்றின் மேலேயே சுற்றினேன். அடுத்தடுத்து, இடைவெளி இல்லாமல், விரலால் அழுத்தி அழுத்திச் சுற்றினேன். டிரம் நிறைந்தது. மிச்சத்தை வளையங்களில் கோத்து, கொஞ்சம் தளர்வு விட்டுப் பின்னால் கட்டினேன். பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. மச்சான் வந்தால் சொல்ல வேண்டும் என்றுதான் இருந்தேன். வந்ததும் அவர் அவசரப்படுத்தினார். நானும் சொல்லவில்லை.

துடுப்புப் போட்டு நடுக் கண்மாய்க்கு வந்ததும் மச்சான் பாயின் கயிற்றை இழுத்தார். பாய் பாதி விரிந்து, டக்கென்று நின்றது. மறுபடி இழுத்தார். அசையவில்லை. திரும்பச் சுருட்டலாம் என்று டிரம் கயிற்றை இழுத்தார். அதுவும் அசையவில்லை. அந்த நேரம் பார்த்து வாடைக்காற்று வலுத்தது. பாதிப் பாய் உப்பிக்கொண்டு படகைத் தென்மேற்கே தள்ளியது. அந்தப் பக்கம் தண்ணீருக்குள் கருவேல மரங்கள் முள்ளை நீட்டிக்கொண்டு நின்றன. மச்சான் துடுப்பைக் குத்தியும் படகு நிற்கவில்லை.

"பாய எறக்கிருங்க மச்சான்!"

"முழுசா விரிஞ்சாத்தான் மாப்ளே எறக்க முடியும்."

அந்த நேரத்திலும் என் சந்தேகம் போகவில்லை. "என்ன பேசுதீய? பாயச் சுருட்டித்தான எடுத்து வைப்பாவ? எந்த ஊர்ல விரிச்சு எடுத்து வைக்காவ?"

"யோவ், அது படுக்குற பாய்! இது குழாயச் சுத்திக்கிட்டுல்லா இருக்கு. கையில போட்ட கட்ட அவுக்காம எடுப்பீரா?"

அது எனக்குப் புரிந்தது. சுற்றியிருக்கும் துணி குழாயை இறுக்கிப் பிடித்திருக்கும்போது, பள்ளத்தில் எப்படி வழுக்கி இறங்கும்?

மகள் அதற்குள் குப்புறப் படுத்து மூக்குப் பக்கம் ஊர்ந்து போயிருந்தாள்.

"மாமா, டிரம்மு நெறஞ்சு வழியுது! கயிறு அடியில போயி மாட்டிருக்கு."

"நெறஞ்சா? பாய் சுருண்டு இருக்கும்போது அது காலியால்லா இருக்கணும்! பாய் விரிய விரியத்தான் கயிறு உள்ள போயி நெறையும்."

"யாரோ நெறுக்கமா சுத்தி வச்சிருக்காவ, மாமா. அம்புட்டு வரிசையா இருக்கு."

சொல்லிவிட்டுத் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் கரையைப் பார்த்தேன்.

மச்சான் பின்னால் கயிற்றின் முனையை அவிழ்த்துவிட, மாட்டியிருந்த இடத்தை அவள் விரலால் நெம்பி எடுத்து, சுற்றுச் சுற்றாகக் கழற்றித் தண்ணீருக்குள் விட்டாள். ஒரு முள் கிளை படகின் பக்கத்தைக் கீறிக்கொண்டு போனது. கடைசிச் சுற்றைக் கழற்றியதும் பாய் படாரென்று முழுவதும் விரிந்தது. மச்சான் துடுப்பைப் பிடித்துப் படகின் மூக்கைக் காற்றுக்கு நேராகத் திருப்பினார். பாய் படபடவென்று அடித்துக்கொண்டது. ஏற்றும் கயிற்றை அவர் விட, பாய் பள்ளத்தில் வழுக்கி இறங்கியது. மகள் அதை அள்ளி அள்ளி மடியில் போட்டுக்கொண்டாள்.

துடுப்புப் போட்டுக் கரை சேர்ந்தோம். மகள் மிதவைச் சட்டையைக் கழற்றி என் கையில் தந்தாள்.

"கோளாறு வந்துட்டுப்பா. பேச்சு பேச்சுதான். இனி கேக்க மாட்டேன்."

பிள்ளைகளே, நான் வேண்டியது அதுதான். வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், அவள் இனி தண்ணீர்ப் பக்கம் போக மாட்டாள். பாதுகாப்பாக வீட்டில் இருப்பாள். உண்மையைச் சொல்கிறேன், எனக்குக் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

ஆனால் மச்சான் நேரே காவல்காரரிடம் போனார்.

"ஏலே, நாங்க இல்லாதப்ப படகுல கை வச்சது நீதான?"

அவர் குடையை மடக்கிக்கொண்டு எழுந்தார். "எனக்கு ஒங்க படகுல என்னய்யா வேல? நீங்க கள்ளத்தனமா வல போடுதீயளோன்னுல்லா நான் பாத்துக்கிட்டு இருக்கேன்!"

"பொறவு யாரு சுத்துனா? பேய் வந்து சுத்துச்சா? ஒன் குத்தகைக்காரருட்ட இப்பவே சொல்லுதேன். நாளைக்கு ஒனக்கு இங்க வேல இருக்காது."

காவல்காரர் என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார். அவர் எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். குடும்பத்துக்குள் சண்டை மூட்டக் கூடாதென்று சும்மா நிற்கிறார்.

"மச்சான்," என்றேன். "அவர விடுங்க. நான்தான் சுத்துனேன்."

மச்சான் திரும்பி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"நீரா? படகுக்கு எங்கய்யா காயம் பட்டுச்சு, நீரு பேண்டேஜ் சுத்தி விடுததுக்கு?"

காவல்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மச்சான் அவர் கையைப் பிடித்து, "தப்பா நெனச்சுட்டேன், மன்னிச்சுக்க" என்றார். "கெளம்பும்போது டிரம்மப் பாக்காதது என் தப்பும்தான்."

மகள் மட்டும் சிரிக்கவில்லை.

"எனக்கு அங்கயே தெரியும்ப்பா. அப்படிச் சுத்த ஒங்களுக்கு மட்டுந்தான் வரும்."

"தெரிஞ்சா ஏம்மா சொல்லல?"

"நீங்களாச் சொல்லுவீயளான்னு பாத்தேன்."

அந்தச் சொல் எனக்குச் சுருக்கென்றது. என்னையே அழுத்திப் பார்த்திருக்கிறாள்.

"அப்ப, படகுல கோளாறு வந்துச்சா வரலையா?"

"வரல."

"வரலைன்னா?"

"வாரா வாரம் போ."

"ஆனா நீங்க ஏறக் கூடாது," என்றாள். மச்சான் வேகமாகத் தலையாட்டினார்.

அடுத்த ஞாயிறு நான் கரையிலேயே நின்றேன். மகளே பாயை ஏற்றினாள், அவளே சுருட்டினாள். படகு தள்ளிப் போனதும் காவல்காரர் குடையோடு பக்கத்தில் வந்து நின்றார்.

"அண்ணாச்சி, இன்னைக்கு எதுலயும் கை வைக்கலயே?"

"இல்லய்யா."

அவர் நம்பவில்லை. என் கை இரண்டையும் பார்த்தார். பிறகு படகைப் பார்த்தார். நடுக் கண்மாயில் முன்பாய் ஒரு சிக்கல் இல்லாமல் முழுவதும் விரியும்வரை, அவர் என் பக்கத்தை விட்டு நகரவே இல்லை.