மேலே முதலாளி, கீழே புதுசு

என் வீட்டுக்காரரை யார் வீட்டுக்கும் விருந்துக்கு அழைத்துப்போக முடியாது. போன இடத்தில் உட்காரமாட்டார். கை கழுவிவிட்டு வருகிறேன் என்று குளியலறைக்குப் போவார். அங்கே இருக்கிற பிரஷ்ஷை எடுத்துத் திருப்பி, நாரைப் பிடித்து ஓர் இழு இழுத்துப் பார்ப்பார். நார் கையோடு வந்துவிட்டால் முகத்தில் அப்படி ஒரு திருப்தி. வராவிட்டால், “நம்ம கம்பெனி” என்று அங்கிருந்தே குரல் கொடுப்பார். என் தங்கை வீட்டில் ஒருமுறை இருந்த பிரஷ் எல்லாவற்றையும் மொட்டையடித்துவிட்டு வந்தார். நாங்கள் வருகிறோம் என்றால் அவள் இன்னமும் பிரஷ்ஷை ஒளித்துவைக்கிறாள். தெருவில் அவருக்குப் பெயர் பிரஷ்காரர், எனக்கு பிரஷ்காரம்மா. கல்யாணமான புதிதில் எனக்கு அது கோபமாக இருந்தது. இப்போது வேறு பெயர் சொல்லிக் கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்க்கமாட்டேன்.

அவர் வேலை பார்க்கிற பிரஷ் கம்பெனியை மூன்று தலைமுறையாக ஒரே குடும்பம் நடத்துகிறது. தரை தேய்க்கிற பிரஷ், துணி துவைக்கிற பிரஷ், பாட்டில் கழுவுகிற பிரஷ், நகம் தேய்க்கிற குட்டி பிரஷ் எல்லாம் உண்டு. கீழே பட்டறை, மேலே ஆபீஸ், நடுவில் ஓர் இரும்புப் படிக்கட்டு. என் வீட்டுக்காரருக்குக் குத்து மெஷினில் வேலை. ஓட்டை போட்ட மரக்கட்டையைக் கையில் பிடித்து, ஒவ்வோர் ஓட்டையாக ஊசிக்கு நேரே காட்ட வேண்டும். ஊசி இறங்கி நாரை மடித்து உள்ளே குத்தும். கட்டை கொஞ்சம் விலகினால் பிரஷ் வீண். கை விலகினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்தக் கம்பெனியில் ஒரு வழக்கம் இருக்கிறது. வெளியில் சொன்னால் கதை விடுகிறேன் என்பார்கள். குடும்பத்தில் யார் முதலாளி நாற்காலியில் உட்கார்ந்தாலும், புதன்கிழமைதோறும் நாள் முழுக்கக் கீழே வந்து ஏதாவது ஒரு மெஷினில் கையாளாக வேலை செய்ய வேண்டும். அன்றைக்கு அவருக்குப் பெயர் ‘புதுசு’. நீ, வா, போ என்றுதான் பேச வேண்டும். வேலையில் தப்புச் செய்தால் மெஷின்காரர் திட்டலாம். அதைவிட முக்கியமானது இன்னொன்று. கீழே பார்த்ததையும் கேட்டதையும் மேலே கொண்டுபோகக் கூடாது.

இதை ஏற்படுத்தியவர் கம்பெனியைத் தொடங்கிய பெரியவர். அவருடைய மகன் ஒருநாள் பட்டறைப் பக்கம் வந்தபோது, ஒரு ஃபிட்டர் மேனேஜரைத் திட்டியது காதில் விழுந்ததாம். மறுநாள் ஃபிட்டருக்கு வேலை இல்லை. பெரியவர் மகனையே ஃபிட்டர் வீட்டுக்கு அனுப்பித் திரும்ப அழைத்துவரச் செய்தார். அந்த வாரத்திலிருந்து மகன்தான் முதல் புதுசு.

இப்போது இருப்பது அந்த மகனின் மகள். ஐம்பதைத் தாண்டியவர். மேலே இருந்தால் முதலாளியம்மா, கீழே வந்தால் புதுசு. புதன்கிழமைகளில் என் வீட்டுக்காரருடைய மெஷினுக்கு அவர் வந்துவிட்டால் போதும், இவருக்குக் கொண்டாட்டம். “ஏம்மா புதுசு, நார்ப்பெட்டி காலி. கண்ணை வீட்டுலயே வெச்சிட்டு வந்தியா?” என்பார். அந்த அம்மாவும், “இதோ ரொப்பிட்டேண்ணே” என்று ஓடுவார். வீட்டில் என்னிடம் இப்படிப் பேசியிருந்தால் அன்றைக்கு அடுப்பு எரிந்திருக்காது.

இவருடைய கையில் நடுக்கம் வந்ததை முதலில் பார்த்தது நான்தான். வாசல் பூட்டில் சாவி நுழையாமல் சுற்றிச் சுற்றித் தடவிக்கொண்டிருந்தார். கேட்டால், “வெளிச்சம் பத்தலை” என்றார். நடுப்பகல், வெயில் மண்டையைப் பிளக்கிறது. டாக்டரிடம் போகலாம் என்றேன், தாம்தூம் என்று குதித்தார். பிறகு அவரே அடங்கி, சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“தெரிஞ்சா மெஷினை விட்டு எடுத்துருவாங்க. எனக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதான். அப்புறம் நான் எதுக்கு? போய் வீட்ல உட்காருன்னு சொல்லிட்டா நான் என்ன பண்ணுவேன்?”

யாரிடமும் சொல்லக் கூடாது என்று என் வாயையும் கட்டிப்போட்டார். சொன்னால் அவருடைய வேலை போகும், சொல்லாவிட்டால் விரல் போகும். சாயங்காலம் கதவைத் திறந்தால் முகத்தைப் பார்க்கமாட்டேன், விரல்களைத்தான் பார்ப்பேன்.

பட்டறையில் இன்னொருத்திக்கும் விஷயம் தெரிந்திருக்கிறது. அடுத்த மெஷினில் இருக்கிற அக்கா, எங்கள் தெருவில்தான் குடியிருக்கிறாள். நகப் பிரஷ் மாதிரி சின்னக் கட்டையில் ஊசி விரலை ஒட்டியே இறங்கும். அப்படிக் கட்டைகள் வந்தால் சத்தமில்லாமல் தன் பக்கம் இழுத்துக்கொள்வாளாம். தரை பிரஷ்ஷின் பெரிய கட்டைகளை இவர் பக்கம் தள்ளிவிடுவாளாம். தன் வேலையையும் பார்த்து இவருடைய வேலையிலும் பாதியைப் பார்த்திருக்கிறாள். இவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. அவளை நினைத்தால் எனக்கு இப்போதும் கும்பிடத் தோன்றுகிறது. அடுத்து நடந்ததையெல்லாம் அவள்தான் என் சமையலறையில் நின்று நடித்தே காட்டினாள்.

ஒரு புதன்கிழமை புதுசு இவருடைய மெஷினுக்கு வந்தது. அக்கா அந்த நேரம் பார்த்து நார் எடுக்கப் போயிருந்தாள். சின்னக் கட்டை ஒன்று இவர் கைக்கு வந்துவிட்டது. ஊசி இறங்கும்போது கை வெட்டி இழுத்தது. கட்டை பிளந்தது. விரல் தப்பியது.

“அண்ணே, உங்க கை…” என்று புதுசு ஆரம்பித்தது.

“வாயை மூடிட்டு நாரை ரொப்பு” என்றார் இவர்.

புதுசு வாயை மூடிக்கொண்டது. வேறு என்ன செய்ய முடியும்? கீழே கையாளுக்குப் பேச்சில்லை, மேலே போனால் கீழே பார்த்ததைப் பேசக் கூடாது. தாத்தா போட்ட முடிச்சில் பேத்தி நன்றாக மாட்டிக்கொண்டார்.

மறுநாள் காலை பட்டறை திறந்தபோது ஏப்ரனைக் கட்டிக்கொண்டு இவர் மெஷினுக்குப் பக்கத்தில் முதலாளியம்மா நின்றார்.

“இன்னிக்கு வியாழக்கிழமை” என்றார் இவர்.

“தெரியும்ணே. நேத்து எவ்வளவு திட்டு வாங்கினேன். கத்துக்காம எப்படி மேலே போறது?”

ஸ்டூலை நெருக்கிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தவர், சின்னக் கட்டை எது வந்தாலும் தானே எடுத்தார். எடுத்ததில் பாதியைக் கோணலாகக் குத்தினார். இவர் தலையில் அடித்துக்கொண்டார். மேலே ஆபீஸ் அல்லோலகல்லோலப்பட்டது. கணக்கர் கையெழுத்துக்காகக் காகிதங்களோடு ஏறி இறங்கி மூச்சு வாங்கினார். அவர் நீட்டியதையெல்லாம் கட்டைப் பெட்டியின்மேல் வைத்துக் கையெழுத்துப் போட்டார் புதுசு, தலைமுடியெல்லாம் நார்.

வெள்ளிக்கிழமையும் வந்தார். அன்றைக்கு வெளியூரிலிருந்து ஒரு பெரிய வியாபாரி வருவதாக இருந்தது. வாசலில் வரவேற்க யாரும் இல்லாததைக் கண்டு அவர் நேராகப் பட்டறைக்குள் வந்து, புதுசிடமே கேட்டார்.

“ஏம்மா, முதலாளியம்மா எங்க?”

புதுசு வாயைத் திறப்பதற்குள் என் வீட்டுக்காரர் பழக்க தோஷத்தில் சொன்னார்: “அவங்க மேலே இருப்பாங்க சார். இது புதுசு.”

வியாபாரி தலையாட்டிவிட்டுப் படியேறிப் போனார். பட்டறையே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. தான் சொன்னது என்ன என்று இவருக்கு அப்புறம்தான் உறைத்தது.

“போம்மா. அந்த ஆளு மேலே போயி வெறும் நாற்காலிகிட்டயா பேசுவான்?”

“இந்தக் கட்டை முடியட்டும்ணே.”

“அதை நான் பாத்துக்கறேன்.”

“அதனாலதான் நான் போகலை.”

சத்தமாகச் சொல்லவில்லையாம், அக்காவுக்கே பாதிதான் காதில் விழுந்ததாம். புதுசு கையிலிருந்த கட்டையை இவர் வாங்கிப் பெட்டியில் போட்டார். பிறகு மெஷினை நிறுத்தினார். வேலை நடுவில் அந்த மெஷின் நின்று அக்கா பார்த்ததேயில்லை. யாரிடமும் எதுவும் சொல்லாமல் இரும்புப் படியில் ஏறினார். பின்னாலேயே ஏப்ரனை அவிழ்த்துக்கொண்டு முதலாளியம்மா ஏறினார்.

அக்காவுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மிச்சத்தை நான் இவர் வாயிலிருந்து பிடுங்க வேண்டியிருந்தது.

அன்றைக்கு நான் அடுப்பில் வேலையாக இருந்தேன். தெருவில் கார் நிற்கிற சத்தம் கேட்டது. எங்கள் வீட்டுக்கு யார் காரில் வரப்போகிறார்கள் என்று எட்டிப் பார்த்தேன். கம்பெனி காரிலிருந்து இவர் இறங்குகிறார். வேலை நேரத்தில் அவர் வீடு திரும்பிய நாள் எங்கள் வாழ்க்கையில் கிடையாது. முதலில் விரல்களைப் பார்த்தேன். எல்லாம் இருந்தன. அப்படியானால் வேலைதான் போய்விட்டது என்று நினைத்தேன். அனுப்பிவைப்பதைக் கௌரவமாகக் காரில் அனுப்பியிருக்கிறார்கள் என்று மனது கசந்தது.

“மெஷினை விட்டுட்டேன்” என்றார் உள்ளே வந்ததும்.

அவர் கட்டிலில் உட்கார்ந்து, விட்டு விட்டுச் சொன்னார்.

மேலே வியாபாரி உட்கார்ந்திருந்தார். இப்போதுதான் கீழே பார்த்த புதுசு வந்து முதலாளி நாற்காலியில் உட்காருவதைப் பார்த்து எழுந்து நின்றுவிட்டார். “மன்னிக்கணும், கொஞ்சம் வெளியில உட்காருங்க. எங்க ஆளு என்கிட்ட பேசணும்” என்று அவரை அனுப்பிவிட்டு முதலாளியம்மா கதவைச் சாத்தினார். இவர் இரண்டு கைகளையும் மேஜைமேல் வைத்தார். அவை பாட்டுக்கு ஆடின.

“நடுங்குதும்மா. ரொம்ப நாளா.”

“இது நீங்களா மேலே வந்து சொன்னது. கீழே நான் எதையும் பாக்கலை, சரியா?” என்றார் அந்த அம்மா. “இப்ப நான் முதலாளியா பேசலாமா?”

முதலாளியாகப் பேசினார். இனி அந்த மெஷினில் வேறு ஆள். கார் வாசலில் நிற்கிறது, வீட்டுக்குப் போய் மனைவியையும் கூட்டிக்கொண்டு நேராக டாக்டரிடம் போக வேண்டும். சம்பளம் பழையபடி. ஊசி இல்லாத வேலையாகக் கம்பெனி முழுக்கச் சுற்றிப் பார்த்து இவரே ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். அப்படிச் சுற்றிப் பார்த்துத்தான் பிற்பாடு மரக்கட்டை அறைக்கு மாறினார். அங்கே வருகிற பலகைகளைத் தட்டிப் பார்த்துப் பிரிக்கிறார், நாள் முழுக்க எல்லோரையும் திட்டுகிறார், சந்தோஷமாக இருக்கிறார்.

ஆனால் அன்றைக்கு மேஜை முன்னால் நின்றபோது அவருக்கு அதெல்லாம் காதில் ஏறவில்லை. வேறு ஆள் என்ற சொல்லிலேயே நின்றுவிட்டார்.

“அப்ப நான் இல்லாமலே மெஷின் ஓடிருமில்ல?” என்று கேட்டாராம்.

“ஓடும்ணே” என்றார் அந்த அம்மா. “நீங்க இல்லாம மெஷின் ஓடும், கம்பெனியும் ஓடும். ஆனா உங்களை வீட்ல உட்கார வெச்சிட்டு ஓட்டணும்னு எனக்கென்ன தலையெழுத்து?”

இதை என்னிடம் சொல்லும்போது இவரால் முடிக்க முடியவில்லை. அழுதுவிட்டார். கல்யாணமானதிலிருந்து அதுவரை இந்த மனுஷன் அழுது நான் பார்த்ததில்லை. நம் வீட்டு ஆளைப் பற்றி இன்னொருவர் இப்படி ஒரு வார்த்தை சொல்லிக் கேட்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும். எனக்குக் கொடுத்துவைத்திருந்தது. நான் அடுப்பை அணைத்துவிட்டு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்து, ஆடிக்கொண்டிருந்த கைகளைப் பிடித்துக்கொண்டு நானும் அழுதேன். வெளியில் டிரைவர் பொறுத்துப் பார்த்துவிட்டு ஹாரன் அடித்தார். இருவரும் முகத்தைக் கழுவிக்கொண்டு போய்க் காரில் ஏறினோம்.