களைக்காட்டில் கிடைத்த விருந்து

மகளுக்கு நிச்சயம் முடிந்து, சேலத்துச் சம்பந்தி வீட்டார் முதல் முறையாக ஏற்காட்டில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். அவர்கள் வந்து இறங்கியதுமே நல்ல மழை. அடிவாரத்துக்கு மேலே மரம் விழுந்து, காய்கறி வண்டி வராமல் நின்றுவிட்டது. மதியச் சாப்பாட்டுக்கு என்னிடம் பருப்பும் அப்பளமும்தான் இருந்தன.

நான் கையைப் பிசைந்துகொண்டு நிற்கும்போதே சம்பந்தியம்மா கொல்லைக் கதவைத் திறந்துவிட்டார். எனக்கு மானமே போயிற்று. நான் விதைத்த கேரட் ஒன்றுகூட முளைக்காமல், முழங்கால் உயரத்துக்குக் களை மண்டிக் கிடந்தது.

"ஏனுங்க சம்பந்தி, ஊட்டுக்குப் பின்னால இத்தனை கீரையை வெச்சுக்கிட்டா ஒண்ணுமில்லைங்கறீங்க?"

சிரித்தபடி சேலையைச் செருகிக்கொண்டு மழையிலேயே இறங்கினார். குப்பைக்கீரை, மணத்தக்காளி, அழுகிய பழம் வீசிய இடத்தில் தானாக முளைத்துக் காய்த்திருந்த தக்காளி! வெட்கத்தை விட்டு நானும் இறங்கினேன். சின்னப் பிள்ளைகள் மாதிரி நனைந்துகொண்டே முறம் நிறையப் பறித்தோம்.

"கீரை நொம்ப நல்லா இருக்குதுங்க அத்தை" என்று மாப்பிள்ளை மறுபடி மறுபடி கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

இப்போதெல்லாம் புதிதாக எது முளைத்தாலும், பிடுங்குவதற்கு முன்பு படம் எடுத்துச் சம்பந்திக்கு அனுப்புகிறேன். உடனே போன் வரும். செடியின் பெயர் தெரிந்த பிறகும் எங்கள் பேச்சு முடிவதில்லை.